எக்கோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்களா?



நம் அறக்கட்டளைக்கு வருகிற மருத்துவ உதவி மனுக்களோடு இணைத்திருக்கும் காகிதங்களில் ‘எக்கோ’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் கிளம்புகின்றன. வலிக்குமா? ஊசி உண்டா? ராத்திரியிலிருந்தே சாப்பிடாமல் இருக்க வேண்டுமா? உடம்புக்குள் கதிர் பாயுமா? மேலாடையைக் கழற்றச் சொல்வார்களாமே? இந்தக் கடைசிக் கேள்வியை நம் வீட்டுப் பெண்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று சொல்லி, சீட்டை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அப்படி அலமாரியில் கிடக்கும் சீட்டுகளுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

எக்கோ என்றால் எதிரொலி. கிணற்றை எட்டிப் பார்த்துக் கூப்பிட்டால் நம் குரலே திரும்பி வருகிறது அல்லவா? அதுபோல நெஞ்சின் மேல் வைக்கும் சிறு கருவியிலிருந்து ஒலி உள்ளே போய், இதயத்தின் சுவரிலும் வால்விலும் பட்டுத் திரும்புகிறது. திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டு மெஷின் படம் வரைகிறது. மனிதக் காதுக்கு நொடிக்கு சுமார் 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். எக்கோவில் பயன்படுவது 20 லட்சத்துக்கும் மேல். ஆகவே அது நமக்குக் கேட்பதுமில்லை, உடம்பில் உறைப்பதுமில்லை. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனில் உள்ளது போன்ற கதிர்வீச்சு இதில் கிடையாது. கர்ப்பிணியின் வயிற்றில் பிள்ளையைப் பார்க்கிறார்களே, அதே வகை ஸ்கேன்தான். வைக்கும் இடம் மட்டும் வேறு.

இது பிறந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்று ஓர் இதய மருத்துவர் இருந்தார். வால்வு சுருங்கிய நோயாளிகளில் யாருக்கு ஆபரேஷன் செய்யலாம் என்று நெஞ்சைத் திறக்காமலே சரியாகத் தெரிந்துகொள்ள வழியில்லையே என்பது அவருடைய கவலை. கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்தார். மால்மோ நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில், இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியை வைத்துப் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கி முயன்று பார்த்ததில் தொடங்கி, 1953-ல் இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். எட்லர் எந்த வால்வு நோய்க்காகத் தேடினாரோ அதே நோய் இன்றைக்கும் நம் ஊர்களில் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

எக்கோ எழுதிக் கொடுத்தார்கள் என்பதாலேயே இதயம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. குடலிறக்கம், கர்ப்பப்பை போன்ற ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்று பார்க்க எழுதுவார்கள். பல வருஷமாக பிரஷர் இருந்தால் இதயச் சுவர் தடித்திருக்கிறதா என்று பார்க்க எழுதுவார்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் சில இதயத்தைத் தளர்த்தக்கூடியவை. அவற்றைத் தொடங்கும் முன்னும், நடுநடுவேயும் எக்கோ எடுப்பது வழக்கம். நடந்தால் மூச்சு வாங்குவது, கால் வீக்கம், படபடப்பு, ஸ்டெதஸ்கோப்பில் கேட்ட வேறுபட்ட ஓசை இவையெல்லாம் மற்ற காரணங்கள்.

ஈ.சி.ஜி. எடுத்தாயிற்றே, எக்கோ எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஈ.சி.ஜி. இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டுகிறது. எக்கோ இதயத்தின் உருவத்தையும் அசைவையும் காட்டுகிறது. ஒரு வீட்டில் வயரிங் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. சுவர், கதவு, ஜன்னல் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது மற்றொன்று. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்பதை இந்த இரண்டும் நேராகக் காட்டுவதில்லை. அதற்கு ஆஞ்சியோ இருக்கிறது. அடைப்பு உள்ள ஒருவருக்கு, ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த எக்கோ முழுக்க நார்மலாக வருவதும் நடக்கும். “எக்கோ நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க” என்று நெஞ்சு வலியை ஒதுக்கிவிடக் கூடாது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. நெஞ்சு அடைப்பது போல வலி, வியர்வை, கையிலோ தாடையிலோ பரவும் வலி, திடீர் மூச்சுத்திணறல் இவை வந்தால் எக்கோவுக்குத் தேதி வாங்கியிருக்கிறோம் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே முதலில் எடுக்க வேண்டியது ஈ.சி.ஜி. எக்கோ அதற்குப் பிறகு.

போகிற நாள்

சாதாரண எக்கோவுக்கு வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. எப்போதும் போலச் சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம். பிரஷர், சுகர் மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்கான விதியை எல்லாப் பரிசோதனைக்கும் பொருத்தி, சுகர் உள்ள பெரியவர்களைக் காலையிலிருந்து பட்டினி போட்டுக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நிறைய. பகல் 12 மணி வரை வரிசையில் உட்கார்ந்து அவர்களுக்குத் தலை சுற்றல் வந்ததுதான் மிச்சம். ஒரே நாளில் ரத்தமும் எடுக்கச் சொல்லியிருந்தால் அதைக் காலையிலேயே கொடுத்துவிட்டு, சாப்பிட்ட பிறகு எக்கோவுக்குப் போகலாம்.

ரமளானில் நோன்பு வைத்துக்கொண்டே எடுக்கலாமா என்ற கேள்வி ஒவ்வொரு வருஷமும் வருகிறது. சாதாரண எக்கோவில் வாய் வழியாகவோ ஊசி வழியாகவோ உடம்புக்குள் எதுவும் போவதில்லை. தோலுக்கு மேலே நடக்கிற பரிசோதனை அது. ஆகவே நோன்பைக் காரணம் காட்டி ஈத் கழியட்டும் என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. தொண்டை வழியாகக் குழாய் விடும் எக்கோ, மருந்து ஏற்றிச் செய்யும் எக்கோ என்று வேறு வகைகளும் உண்டு. அவற்றின் விஷயம் வேறு. அதற்குத் தேதி கொடுக்கும்போதே டாக்டரிடமும், பிறகு உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறைக்குள் என்ன நடக்கும்? வெளிச்சம் குறைத்திருப்பார்கள். திரை தெளிவாகத் தெரிவதற்காகத்தான் அது. சில இடங்களில் ‘கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது’ என்ற பலகை மாட்டியிருக்கும். இதயம் பார்க்க வந்த இடத்தில் இது எதற்கு என்று குழம்ப வேண்டாம். எக்கோ மெஷினும் அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டிய ஸ்கேன் மெஷின்தான்.

கட்டிலில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். இடது கையை மடித்துத் தலைக்கு அருகே வைக்க வேண்டியிருக்கும். அப்படிப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும், விலா எலும்புகளுக்கு நடுவே இடைவெளியும் கிடைக்கும். மூன்று சிறிய ஸ்டிக்கர்களை ஒட்டி வயர் மாட்டுவார்கள். அது இதயத் துடிப்பின் நேரத்தைக் குறிப்பதற்கு; ‘கரண்ட்’ கொடுப்பதற்கு அல்ல. பிறகு கொழகொழவென்று ஒரு ஜெல். கொஞ்சம் ஜில்லென்று இருக்கும். தோலுக்கும் கருவிக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது, அதனால்தான் இந்த ஜெல். தண்ணீரால் ஆனது, துடைத்தால் போய்விடும், துணியில் கறையும் பிடிக்காது.

இடது மார்புக்குக் கீழே, நெஞ்செலும்பை ஒட்டி, விலாவுக்குக் கீழே வயிற்றின் மேல்புறம், கழுத்துக் குழி என்று கருவியை இடம் மாற்றி மாற்றி வைப்பார்கள். சில இடத்தில் அழுத்துவார்கள். மெலிந்த உடம்புக்காரர்களுக்கு விலா எலும்பில் லேசாக உறுத்தும். தாங்க முடியாமல் இருந்தால் சொல்லிவிடுங்கள். “மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்துங்க” என்பார்கள். முடிகிற வரை நிறுத்தினால் போதும். இடையில் ‘புஸ், புஸ்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அது மெஷின் ரத்த ஓட்டத்தின் வேகத்தைச் சத்தமாக மாற்றிக் காட்டுவது. வால்வு ஓட்டையாகி ரத்தம் பீறிடுகிறது என்று நினைத்துப் பதற வேண்டாம்.

திரையில் சிவப்பும் நீலமும் கலந்து தெரியும். சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் பார்த்த ஞாபகத்தில் பலர் கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். எக்கோவில் அந்த அர்த்தமே இல்லை. கருவியை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, கருவியை விட்டு விலகிப் போவது நீலம். கருவியை வேறு இடத்தில் வைத்தால் அதே ரத்தம் நிறம் மாறித் தெரியும்.

பரிசோதிப்பவர் பேசாமல் இருப்பார். படத்தை நிறுத்துவார், கோடு போட்டு அளப்பார், மறுபடி அதே இடத்துக்கு வருவார். 20 நிமிஷத்தில் முடியலாம், 40 நிமிஷமும் ஆகலாம். நேரம் அதிகமானால் நோய் அதிகம் என்று பொருளில்லை. பருமனான உடம்பு, நுரையீரல் நோய் இவை இருந்தால் படம் தெளிவாகக் கிடைக்காமல் தேட வேண்டியிருக்கும். ரிப்போர்ட்டில் ‘புவர் விண்டோ’ என்று எழுதியிருந்தால் அதுதான் விஷயம்: படம் சரியாகத் தெரியவில்லை என்கிறார்கள். இதயத்தில் ஜன்னல் எதுவும் இல்லை.

முடிந்ததும் எழுந்து வீட்டுக்கு நடந்து போகலாம். ஓய்வு எடுக்க வேண்டியதில்லை.

பெண்களுக்கும், அவர்களை அழைத்துப் போகும் ஆண்களுக்கும்

மேலாடை விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. இடது மார்பின் கீழ்ப்பகுதியில் நேராகத் தோலின் மேல் வைத்தால்தான் இதயம் தெரியும். துணிக்கு மேலே வைத்து எடுக்க முடியாது. உள்ளாடையைக் கழற்ற வேண்டியிருக்கும். ஆனால் முழு நேரமும் திறந்தபடி கிடக்க வேண்டும் என்பதில்லை. முன்பக்கம் திறக்கிற கவுன் கேட்கலாம், மேலே போர்த்த ஒரு துணி கேட்கலாம், கருவி வைக்கிற இடத்தை மட்டும் விலக்கினால் போதும். கேட்காமல் சில இடங்களில் தர மாட்டார்கள், ஆகவே கேளுங்கள். வீட்டிலிருந்தே ஒரு சுத்தமான துப்பட்டாவைக் கொண்டுபோய்விட்டால் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அபாயாவுக்குள் முன்பக்கம் பட்டனோ ஜிப்போ வைத்த உடுப்பு, கீழே தனியாக ஒரு பாவாடை அல்லது பேன்ட் என்று போட்டுக்கொண்டு போனால் சிரமம் பாதியாகக் குறையும். தலை முக்காட்டை எடுக்கத் தேவையில்லை. கழுத்துக் குழியில் வைக்கும்போது மட்டும் கொஞ்சம் தளர்த்தினால் போதும். கருகமணி, சங்கிலி எதையும் கழற்ற வேண்டாம், ஓரமாக ஒதுக்கிக்கொள்ளலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு உள்ள உலோகத் தடை இதற்குக் கிடையாது.

பெண் டெக்னீசியன் அல்லது பெண் டாக்டர் வேண்டும் என்பதை அறைக்குள் போன பிறகு சொல்லாதீர்கள். தேதி வாங்கும்போதே கேட்க வேண்டும். “எந்தக் கிழமை, எந்த நேரம் லேடி டெக்னீசியன் இருப்பாங்க?” என்று ஒரு கேள்வி. எக்கோ டெக்னீசியன் வேலையில் இப்போது பெண்கள் நிறைய இருக்கிறார்கள். கேட்டால் பெரும்பாலும் ஏதாவது ஒரு நாள் அமையும். அன்றைக்கு ஆண்தான் இருக்கிறார், நோயோ தள்ளிப்போட முடியாதது என்றால், கூட ஒரு பெண் இருக்கும்படி கேளுங்கள். நர்ஸ் இருக்கலாம், உங்கள் உம்மாவோ ராத்தாவோ இருக்கலாம். இது நாம் கேட்கும் சலுகை அல்ல. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும் என்பது தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே உள்ளது. கணவர், வாப்பா, சகோதரர் என்று அழைத்துப் போகிறவர்களே இதைக் கவுன்ட்டரில் கேட்டுவிட்டால், உள்ளே போகிறவர் தைரியமாகப் போவார். “டாக்டர்கிட்ட என்ன வெட்கம்” என்று அதட்டி உள்ளே அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை. அப்படி அனுப்பப்பட்டவர் அடுத்த தடவை வர மாட்டார்.

ரிப்போர்ட் கையில் வந்த பிறகு

எங்கள் அனுபவத்தில், பரிசோதனையை விட ரிப்போர்ட்தான் குடும்பத்தை அதிகம் கலக்குகிறது. டாக்டரைப் பார்க்கும் முன்பே அது வாட்ஸ்அப்பில் ரியாத்துக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறது. அங்கிருந்து மகன் பதறிப்போய் போன் செய்கிறான்: “வாப்பாவுக்கு ஹார்ட் 60 சதவீதம்தான் வேலை செய்யுதாமே?”

60 என்பது நல்ல எண். இதை விளக்கிவிடுகிறோம். ‘இ.எஃப்.’ என்று போட்டிருப்பது, இதயத்தின் இடது கீழ் அறை ஒரு துடிப்பில் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. நிறைந்திருக்கும்போது அந்த அறையில் 120 மில்லி இருக்கிறது, ஒரு துடிப்பில் 70 மில்லி வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். இ.எஃப். 58 சதவீதம். மிச்சம் 50 மில்லி உள்ளேயே இருக்கும், இருக்க வேண்டியதுதான். அறையை முழுக்கக் காலி செய்கிற இதயம் உலகத்தில் யாருக்கும் இல்லை. பரீட்சை மார்க் போல 100-க்கு எத்தனை என்று பார்க்கக் கூடாது. ஆண்களுக்கு 52 முதல் 72 வரையும், பெண்களுக்கு 54 முதல் 74 வரையும் நார்மல் என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். 40-களில் இருந்தால் கொஞ்சம் தளர்ச்சி. 30-க்குக் கீழே போனால் கடுமையான தளர்ச்சி. அப்படி இருந்தாலும் மருந்தில் ஏறுகிறவர்கள் உண்டு, ஆகவே எண்ணைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழ வேண்டியதில்லை.

அதே ஆளுக்கு இரண்டு இடத்தில் எடுத்தால் எண் சற்று மாறத்தான் செய்யும். போன வருஷம் 60, இந்த வருஷம் 57 என்றால் இதயம் 3 சதவீதம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அளக்கிற கையின் வித்தியாசம் அது. 60 இருந்தது 40 ஆகியிருந்தால் அது வேறு.

ரிப்போர்ட்டில் மிரட்டுகிற வேறு சில சொற்களும் உண்டு. ‘ட்ரிவியல் எம்.ஆர்.’, ‘மைல்ட் டி.ஆர்.’ என்றால் வால்வு மூடும்போது துளி ரத்தம் பின்னால் கசிகிறது என்று பொருள். ஆரோக்கியமானவர்களிடமும் இது பரவலாகக் காணப்படுவதுதான். வால்வு அமைப்பு நன்றாக இருந்தால் பெரும்பாலும் அதற்கு மருந்தே தேவைப்படாது. ‘கிரேட் 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’ என்பது இதயத் தசை விரிந்து கொடுப்பதில் கொஞ்சம் இறுக்கம். வயதானவர்களுக்கும், பிரஷர் சுகர் உள்ளவர்களுக்கும் அடிக்கடி எழுதப்படுவது. பிரஷரைக் கட்டுக்குள் வைத்திருங்கள் என்று நினைவூட்டுவதாக எடுத்துக்கொள்ளலாம். ‘எல்.வி.எச்.’ என்றால் சுவர் தடித்திருக்கிறது. பிரஷர் மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிடுகிறவர்களிடம் நாங்கள் இந்தச் சொல்லைக் காட்டித்தான் பேசுவோம். ‘ஆர்.டபிள்யூ.எம்.ஏ.’ என்று இருந்தால், இதயச் சுவரின் ஒரு பகுதி மற்ற பகுதிகளைப் போல அசையவில்லை என்கிறார்கள். பழைய மாரடைப்பின் தடமாக இருக்கலாம். இதை மட்டும் தள்ளிப்போடாமல் சீக்கிரம் டாக்டரிடம் காட்டுங்கள். ‘நோ கிளாட்’ என்றால் ரத்தக் கட்டி இல்லை என்று பொருள். ‘கிளாட்’ என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு, முன்னால் இருக்கும் ‘நோ’வை விட்டுவிடாதீர்கள். இந்த ஒரு சொல்லால் இரவெல்லாம் தூங்காத குடும்பத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

எப்படியானாலும் ரிப்போர்ட் தீர்ப்பு அல்ல. அதை எழுதச் சொன்ன டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டும்போதுதான் பரிசோதனை முடிகிறது. எக்கோவுக்குச் செலவு செய்துவிட்டு, ‘நார்மல்’ என்று டெக்னீசியன் சொன்னாராம் என்று டாக்டரைப் பார்க்காமலே விட்டவர்களும் உண்டு. மூச்சு வாங்குவதற்கு ரத்தசோகை காரணமாக இருக்கலாம், தைராய்டு காரணமாக இருக்கலாம், நுரையீரல் காரணமாக இருக்கலாம். எக்கோ நார்மல் என்றால் தேடலை அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும் என்றுதான் அர்த்தம்.

வால்வு நோயும் கல்யாணப் பேச்சும்

எட்லர் தேடிய வால்வு நோயைப் பற்றிப் பிறகு சொல்கிறோம் என்றோம். சிறுவயதில், முக்கியமாக 5 முதல் 15 வயதுக்குள், தொண்டையில் ஒரு வகை பாக்டீரியா தொற்று வருகிறது. சரியாக மருந்து கொடுக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். முட்டி வீங்கி, அது சரியாகி, கணுக்கால் வீங்கும். மூட்டு வலி போய்விடும். அந்த நோய் இதய வால்வில் வைத்துவிட்டுப் போகிற தழும்பு போகாது. வருஷங்கள் போகப் போக வால்வு தடித்துச் சுருங்கும். இதை ருமாட்டிக் இதய நோய் என்கிறார்கள். நெரிசலான வீடுகளில், ஒரு அறையில் பலர் படுக்கிற குடும்பங்களில் அதிகம் வருகிறது.

இந்த நோய் பல வருஷம் சத்தமில்லாமல் இருக்கும். பெண்களுக்கு அது வெளியே வருகிற நேரம் பெரும்பாலும் முதல் கர்ப்பம். கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. சுருங்கிய வால்வு வழியாக அவ்வளவு ரத்தமும் போக முடியாமல் நுரையீரலில் தேங்குகிறது. ஆறு, ஏழு மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது. “வயிறு பெரிசாயிருச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். இருமல், படுக்க முடியாத மூச்சிரைப்பு, கால் எடுத்து வைத்தாலே படபடப்பு இவை இருந்தால் அது வயிற்றின் கனம் மட்டும் அல்ல. அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் எக்கோ எடுப்பதால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

இதில் நாம் பேசத் தயங்குகிற ஒன்று இருக்கிறது. கல்யாணம் ஆகாத பெண் பிள்ளைக்கு இதய ஆஸ்பத்திரியில் சீட்டு போட்டால் பேர் வந்துவிடும், சம்பந்தம் தட்டிப்போகும் என்று பல தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நாங்கள் லேசாக எண்ணவில்லை. பேச்சு எப்படிப் பரவும் என்று மஹல்லாவில் வாழ்கிற நமக்குத் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்தால், சுருக்கம் எவ்வளவு என்று அளந்து, தேவையானால் பலூன் வைத்து வால்வை விரிக்கலாம். நெஞ்சைத் திறக்காமலே தொடை நரம்பு வழியாகச் செய்கிற சிகிச்சை அது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுகிற பென்சிலின் ஊசி, நோய் திரும்பி வந்து வால்வை மேலும் கெடுக்காமல் தடுக்கும். அதன் பிறகு டாக்டர் ஆலோசனையோடு கர்ப்பம் தரித்து நல்லபடியாகப் பிள்ளை பெற்ற பெண்கள் எத்தனையோ பேர், அல்ஹம்துலில்லாஹ். ஏழாம் மாதத்தில், நடு ராத்திரியில், ஆம்புலன்சில் தெரிய வந்தால் இந்த வழிகளில் பாதி அடைபட்டிருக்கும். அப்போது புகுந்த வீட்டுக்குத் தெரியாமலும் இருக்கப்போவதில்லை.

மருத்துவ ரகசியம் நோயாளிக்கு உரியது. ரிப்போர்ட்டை யாருக்குக் காட்டுவது என்பதை அந்தப் பிள்ளையும் பெற்றோரும் முடிவு செய்யட்டும். நம் அலுவலகத்தில் கொடுக்கப்படும் மருத்துவக் காகிதங்களை மனுவைப் பரிசீலிப்பவர் தவிர வேறு எவரும் பார்ப்பதில்லை. பெயர் சொல்லிக் கூட்டத்தில் பேசுவதும் இல்லை.

சின்னக் குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் குடிக்கும்போது வியர்த்துப்போவது, எடை ஏறாமல் இருப்பது, அடிக்கடி நிமோனியா, உதடு நீலம் பாய்வது இவை இருந்தால் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். ‘ஓட்டை’ என்று சொன்னதும் இடிந்துபோகாதீர்கள். சிறிய ஓட்டைகளில் பல தானாக மூடிக்கொள்பவை. பெரியவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள், சுகர் உள்ள கர்ப்பிணிகள், முந்திய பிள்ளைக்கு இதயக் குறை இருந்தவர்கள், வயிற்றில் இருக்கும்போதே பிள்ளையின் இதயத்தைப் பார்க்கும் எக்கோ தேவையா என்று 18 வாரத்திலேயே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

மற்ற வகை எக்கோக்கள்

தொண்டை வழியாக எடுப்பது, பெரும்பாலும் வால்வை இன்னும் நெருங்கிப் பார்க்கவும், இதயத்துக்குள் ரத்தக் கட்டி இருக்கிறதா என்று உறுதி செய்யவும். இதற்குத்தான் சுமார் 6 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். தொண்டையை மரக்கச் செய்யும் மருந்தும், லேசாக மயக்கும் மருந்தும் கொடுப்பார்கள். ஆடும் பல், பல் செட், விழுங்குவதில் சிரமம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். தொண்டை மரப்பு போகும் வரை எதையும் குடிக்கக் கூடாது. அன்றைக்குத் தானே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். நடக்க வைத்தோ மருந்து ஏற்றியோ இதயத்தை வேகமாகத் துடிக்க விட்டு எடுக்கும் எக்கோவும் உண்டு. அதற்குச் சில மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். எதை, எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

காகிதமும் செலவும்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எக்கோ எடுக்கிறார்கள். அங்கே காத்திருப்பு அதிகம், தேதி தள்ளிக் கொடுப்பார்கள். அவசரம் இல்லாதவர்களுக்கு அது போதுமானது. வால்வு ஆபரேஷன், குழந்தைகளின் இதய ஆபரேஷன் போன்ற பெரிய செலவுகள் வந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. நோய் வந்த பிறகு அட்டைக்கு அலைவதை விட, ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் ஆதாரும் கொண்டுபோய் இப்போதே பதிந்து வைத்துவிடுங்கள். தனியாரில் எடுப்பதானால் இரண்டு மூன்று இடத்தில் கட்டணம் கேட்டுவிட்டுப் போங்கள். ஒரே ஊரிலேயே வித்தியாசம் இருக்கிறது.

எக்கோவுக்குப் போகும்போது பழைய எக்கோ ரிப்போர்ட் இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். முன்னால் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இப்போது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்ல முடியும். ரிப்போர்ட்டை மடித்து மணிபர்சில் வைக்காமல் ஒரு கோப்பில் தேதி வாரியாகப் போட்டு வையுங்கள், போனில் போட்டோவும் எடுத்து வையுங்கள். ஹஜ், உம்ரா போக நாடியிருக்கும் இதய நோயாளிகள் கடைசி ரிப்போர்ட்டின் நகலைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். ஸயீ மட்டுமே 3 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியது. உடம்பு தாங்குமா, சக்கர நாற்காலி வேண்டுமா என்பதைப் புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடலாம்.

நம் அறக்கட்டளையில் மருத்துவ உதவி கேட்டு மனு கொடுப்பவர்கள் டாக்டர் எழுதிய சீட்டின் நகல், பரிசோதனை நிலையத்தின் கட்டண மதிப்பீடு, ரேஷன் கார்டு நகல், மஹல்லா ஜமாஅத் கடிதம் ஆகியவற்றை இணைத்துக் கொடுக்கவும். சகோதரிகள் நேரில் வரத் தயங்கினால் வீட்டில் உள்ள எவர் மூலமாகவும் கொடுத்தனுப்பலாம். பெண் டெக்னீசியன் உள்ள நாள் வேண்டும் என்றால் அதையும் மனுவிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். தேதி வாங்கும்போது நாங்களே கேட்டுச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.